புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்: நன்கொடையா, முதலீடா?

கேள்வி: என் மனைவி இரத்தப் புற்றுநோயால் காலமானார். ஓய்வூதியப் பலன்களில் ஒரு பகுதி, அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பயன்பட வேண்டும் என விரும்புகிறேன். "நன்கொடையாகக் கொடுத்துவிடாதீர்கள், முதலீடாகப் போடுங்கள், முதலும் நிற்கும், ஆராய்ச்சியும் நடக்கும்" என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரியா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: தங்கள் எண்ணத்தை வணங்குகிறேன். மெஹர்பாய் டாட்டா 1931-இல் இதே நோயால் மறைந்தபோது, அவருடைய கணவர் சர் தோராப்ஜி டாட்டா 1932-இல் நிறுவிய லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை, இரத்தப் புற்றுநோயை ஆராயும் அறிவியலாளர்களுக்குப் பல நாடுகளிலும் இன்றுவரை உதவித்தொகை வழங்கி வருகிறது.

மைத்துனர் சொல்வதில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுள்ளது. பங்குச்சந்தையில் ஒரு மருந்து நிறுவனத்தின் பங்கை நீங்கள் வாங்கினால், அந்தப் பணம் பங்கை விற்ற மற்றொரு முதலீட்டாளருக்குத்தான் போகும். ஆய்வகத்துக்கு அதில் ஒரு பைசாவும் நேரே சேராது. நிறுவனம் புதிதாக வெளியிடும் பங்குகளுக்குச் செலுத்தும் பணமே அதன் கைக்குப் போகிறது. அத்தகைய வாய்ப்பு, ஆய்வில் இறங்கும் இளம் நிறுவனங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பெருமுதலீட்டாளர்களுக்கே கிடைக்கிறது.

இரத்தப் புற்றுநோய்க்கான நெக்ஸ்கார்19 சிகிச்சையின் கதை இதைத் தெளிவாக்கும். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி-செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் இம்முறையை, ஐஐடி மும்பையில் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்களும் உருவாக்கினர். தொடக்க ஆண்டுகளைத் தாங்கியது திருப்பிக் கேட்காத பணம். கையில் ஓரளவு முடிவுகள் தெரிந்த பிறகே, 2021-இல், லாரஸ் லேப்ஸ் என்ற மருந்து நிறுவனம் இவர்களுடைய இம்யூனோஆக்ட் நிறுவனத்தில் பங்கு முதலீடு செய்தது. சிகிச்சைக்கு அரசின் அனுமதி 2023 அக்டோபரில் கிடைத்தது. வெளிநாடுகளில் கோடிக்கணக்கில் செலவாகும் சிகிச்சை, இங்கே சில பத்து லட்சங்களில் கிடைக்கத் தொடங்கியது. அந்தத் தொகையும் நம்மில் பலருக்கு எட்டாதது என்பது வேதனைதான். ஆனாலும், எது பலிக்கும் என்று யாருக்கும் தெரியாத முதல் கட்டத்தில் நன்கொடையும் அரசு நிதியும் இல்லாவிட்டால், பின்னால் வரும் முதலீட்டுக்கு வேலையே இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டையும் இணைக்கும் திட்டங்களும் உள்ளன. எச்டிஎஃப்சி மியூச்சுவல் ஃபண்ட் 2011-இல் இந்தியன் கேன்சர் சொசைட்டியுடன் தொடங்கிய திட்டத்தில், முதலீட்டாளர் தமக்கு வரும் ஈவுத்தொகையில் பாதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்கலாம். முதல் அவருடையதாகவே இருக்கும். ஆனால் அந்தப் பணம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகிறது, ஆராய்ச்சிக்கு அன்று. மிக நல்ல காரியம்தான். தங்கள் நோக்கம் அதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, தங்கள் செலவுக்கும் மருத்துவத்துக்கும் தேவையானதை வங்கியிலோ அஞ்சலகத்திலோ பத்திரப்படுத்துங்கள். மீதியில், திரும்பி வராவிட்டாலும் மனம் வருந்தாத தொகையை, ஆராய்ச்சியும் நடத்தும் மருத்துவமனை ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுங்கள். ஆராய்ச்சிக்கென்றே அதை ஒதுக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதி, நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்திலேயே பெறுங்கள். பொது நிதியில் சேர்ந்துவிட்டால் அது எந்தச் செலவுக்குப் போனது என்று பிறகு பிரித்துப் பார்ப்பது கடினம்.

கேள்வி: நான் மாதம் ஐந்நூறு ரூபாய்தான் கொடுக்க முடியும். அதனால் பயன் உண்டா? வரிச்சலுகை கிடைக்குமா?
- இல்லத்தரசி, தேனி

பதில்: நிச்சயம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பொதுமக்கள் கொடுத்த பணத்தில் வளர்ந்ததுதான். மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பி நிறுவனங்கள் திட்டமிட முடியும். 80ஜி என நாம் அறிந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே கிடைக்கும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. வங்கி வழியாக அனுப்பி, ரசீதையும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.