ஆக்ஸ்ஃபோர்டில் பல்லுயிர்ப் பேச்சுகள்: வெளியாள் போகலாமா, போனால் வேலை கிடைக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மனைவிக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி வேலை, அவரோடு டிபெண்டண்ட் விசாவில் வந்திருக்கிறீர்கள், விசாவில் வேலை செய்யத் தடை இல்லை, கையில் திருச்சியில் வாங்கிய எம்.எஸ்சி. தாவரவியல் இருக்கிறது. பல்லுயிர், இயற்கை மீட்பு என்று பல்கலைக்கழகத்தில் வாராவாரம் யாராவது பேசுகிறார்கள், அறிவிப்பைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, ஆனால் மாணவர் அட்டை இல்லாமல் உள்ளே விடுவார்களா, விட்டாலும் அதனால் இந்தத் துறையில் வேலைக்கு வழி பிறக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அக்கா என்று வேறு போட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாராளமாகப் போகலாம். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், செடிகொடிக்கும் எனக்கும் படிப்பில் ஒரு சம்பந்தமும் கிடையாது, இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். "நீ யார், எந்தத் துறை" என்று வாசலில் ஒருவரும் கேட்டதில்லை. பெரும்பாலான பேச்சுகளுக்கு இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், காசு கிடையாது. கல்லூரிகளுக்குள் நடந்தால் மட்டும் வாசலில் போர்ட்டர் என்ற வாயிற்காவலர் உட்கார்ந்திருப்பார், இன்ன பேச்சுக்கு வந்தேன் என்றால் அவரே வழி காட்டுவார். அரங்கில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள், மழைக்கோட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள், தூங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கடைசியில் குடைந்து கேள்வி கேட்பது அவர்கள்தான்.

புதிதாக வருகிறவர்கள் குழம்புவது தேதியில்தான். சில அறிவிப்புகளில் தேதியே இருக்காது, "ஹில்லரி டெர்ம், 3-ம் வாரம், வியாழன்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். இங்கே வருஷத்துக்கு 3 பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிக்கேல்மஸ், ஜனவரி முதல் மார்ச் வரை ஹில்லரி, ஏப்ரல் முதல் ஜூன் வரை டிரினிட்டி. ஒவ்வொன்றிலும் 8 வாரம்தான் முழுமூச்சாக நடக்கும், பேச்சுகள் எல்லாம் அந்த 8 வாரத்துக்குள் அடங்கிவிடும், அப்புறம் ஊரே காலி. வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கும்போதே காலண்டரில் வாரக் கணக்கைப் போட்டு வைத்தால் அலைச்சல் மிச்சம்.

எங்கே போவது என்றால், முதலில் லெவர்ஹியூம் இயற்கை மீட்பு மையத்தின் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். லெவர்ஹியூம் அறக்கட்டளை 10 வருஷத்துக்கு 1 கோடி பவுண்டு கொடுத்து 2022-ல் தொடங்கியது, யத்விந்தர் மல்ஹி என்ற பேராசிரியர் தலைமை. ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டம், ஸ்காட்லாந்து மலைப்பகுதி, கானா, போர்னியோவில் சபா என்று களங்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் ஒரு வாரம் எண்ணெய்ப்பனைத் தோட்டம் பற்றிப் பேச்சு இருக்கும், அடுத்த வாரம் பக்கத்து ஊர் வயல் வரப்பு பற்றி இருக்கும். உயிரியல் துறையில் மில்னர்-கல்லண்ட் அம்மையாரின் குழு இருக்கிறது, மனிதர்களைச் சேர்க்காமல் விலங்கைக் காப்பாற்ற முடியாது என்ற பக்கத்திலிருந்து வருகிறவர்கள், எனக்கு அந்தப் பேச்சுகள்தான் அதிகம் பிடிக்கும். இயற்கையைக் கொண்டே காலநிலைப் பிரச்சினைக்குத் தீர்வு தேடுகிற ஆராய்ச்சியாளர் நத்தலி செடன் பேசினால் தவறவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அமைப்பான மார்ட்டின் ஸ்கூல் தன் பேச்சுகளைப் பதிவு செய்து யூடியூபிலும் போடுகிறார்கள், குளிரில் வெளியே போகச் சோம்பலாக இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் நேரில் போவதற்கு ஒரு காரணம் உண்டு, பேச்சு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கிற அந்த அரை மணி நேரம் யூடியூபில் வராது.

இனி வேலை விஷயம். பேச்சுக்குப் போய் வேலை வாங்கிய ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. பேச்சில் என்ன கேள்விகள் ஓடுகின்றன என்பது தெரியும், இந்த நாட்டில் எது ஏன் பேசப்படுகிறது என்பது பிடிபடும். இந்த நாட்டு இயற்கை ஆரோக்கியமாக இருப்பதுபோல் பேருந்து ஜன்னலிலிருந்து தெரியும், எங்கே பார்த்தாலும் பச்சை. அந்தப் பச்சை பெரும்பாலும் உரம் போட்டு வளர்த்த ஒரே வகைப் புல். பூக்கள் நிறைந்த பழைய புல்வெளிகளில் 97 சதவீதம் 1930-களுக்குப் பிறகு போய்விட்டது. 2023-ல் வந்த இயற்கை நிலை அறிக்கை, 1970-லிருந்து கண்காணித்த உயிரினங்களின் எண்ணிக்கை சராசரியாக 19 சதவீதம் குறைந்துவிட்டதாகவும், ஆறில் ஒன்று இங்கிருந்தே அழியும் அபாயத்தில் இருப்பதாகவும் சொன்னது. இது தெரிந்தால்தான் இவர்கள் ஏன் "பாதுகாப்பு" என்பதை விட்டு "மீட்பு" என்று பேசத் தொடங்கினார்கள் என்பது விளங்கும், பாதுகாக்கப் போதுமான மிச்சம் இல்லை.

உங்களுக்கு வழி திறக்கப்போவது புல்வெளியில்தான் என்று நினைக்கிறேன். இங்குள்ள வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைகளுக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை, நம் பகுதிக்கு பெர்க்ஸ், பக்ஸ், ஆக்ஸன் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிரஸ்ட். இஃப்லி மெடோஸ் என்று ஆற்றோரமாக ஒரு ஈரப் புல்வெளி, நகரத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கே ஏப்ரலில் ஃப்ரிட்டிலரி பூக்கும், தலைகவிழ்ந்த ஊதாப் பூ, இதழில் சதுரங்கக் கட்டம் போட்டதுபோல் இருக்கும், அச்சடித்ததோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். 1983-ல் டிரஸ்ட் பொறுப்பேற்றபோது 500 செடி அளவில் இருந்தது, இன்று பல்லாயிரம். பெரிய தந்திரம் எதுவும் இல்லை, உரம் போடாமல், சரியான நேரத்தில் புல் அறுத்து, அப்புறம் மாடு மேயவிட்டார்கள், அதையே வருஷா வருஷம் விடாமல் செய்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் தன்னார்வலர்கள் வரிசையாக நடந்து செடி எண்ணுகிறார்கள்.

தாவரவியல் படித்தவர் என்பதால் இன்னொன்று சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். பழைய புல்வெளியை மீட்க நினைப்பவர்கள் முதலில் விதைப்பது யெல்லோ ராட்டில் என்ற ஒரு சின்னச் செடி. மஞ்சள் பூ, ஜூலையில் காய் காய்ந்து, காலில் பட்டால் உள்ளே விதை கலகலவென்று ஆடும். புல்லின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிற அரை ஒட்டுண்ணி அது. நம் ஊர்க் கரும்பு, சோளக் கொல்லைகளில் விவசாயி சபிக்கிற சுடுமல்லி இருக்கிறதே, அதே குடும்பம். அங்கே களை என்று பிடுங்குகிறோம், இங்கே காசு கொடுத்து வாங்கி விதைக்கிறார்கள், ஏனென்றால் முரட்டுப் புல் கொஞ்சம் அடங்கினால்தான் மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். விதை இலையுதிர் காலத்தில் போட வேண்டும், ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் முளைக்கும். மண் வளமாக இருக்கக் கூடாது, அறுத்த புல்லை அங்கேயே விடாமல் அள்ளிக்கொண்டு போய் மண்ணை மெலியவைக்க வேண்டும் என்று முதலில் கேட்டபோது, விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தலை சுற்றியது. என் அப்பாவிடம் போனில் சொன்னேன், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றார்.

வைட்டம் வுட்ஸ் கட்டாயம் போங்கள். ஊருக்கு வடமேற்கே, 1,000 ஏக்கர், 1940-களில் ஒரு குடும்பம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. நினைத்தவுடன் போக முடியாது, இணையத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அங்கே 1947-லிருந்து கிரேட் டிட் என்ற ஒரே பறவை இனத்தைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். நம் மலைகளில் பட்டாணிக்குருவி என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தக்காரப் பறவை. மரத்துக்கு மரம் கூட்டுப்பெட்டி, ஒவ்வொன்றிலும் எண். கூட்டில் எப்போது முட்டை, எத்தனை குஞ்சு என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1960-களோடு பார்த்தால் இப்போது 2 வாரத்துக்கும் மேல் முன்னதாகவே முட்டையிடுகின்றன. வசந்தம் முன்னால் வர, ஓக் இலையும் அதைத் தின்கிற புழுவும் முன்னால் வருகின்றன, குஞ்சுக்குத் தீனி அந்தப் புழு. காலநிலை மாற்றம் பற்றி எத்தனை வரைபடம் பார்த்தாலும், ஒரு எண் போட்ட பெட்டிக்கு முன்னால் நின்று இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதே காட்டில் ஆஷ் மரங்கள் காய்ந்து நிற்பதையும் பார்ப்பீர்கள், 2012-ல் பிரிட்டனில் முதலில் கண்டுபிடித்த பூஞ்சை நோய்.

சரி, சம்பளம் தருகிற வேலை எங்கே? பல்கலைக்கழகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வருஷம் ஓடிவிடும், அங்கே இடம் குறைவு, போட்டி உலகம் முழுவதிலிருந்தும். 2021-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ், 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்தில் பெரிய கட்டுமானம் எது செய்தாலும், இருந்த இயற்கையைவிட 10 சதவீதம் கூடுதலாக உருவாக்கி, 30 வருஷம் பராமரிக்க வேண்டும். சிறிய மனைகளுக்கும் அதே 2024 ஏப்ரலில் வந்தது. அந்த 10 சதவீதத்தைக் கணக்கிட ஒருவர் நிலத்தில் இறங்கி, இது எந்த வகைப் புல்வெளி, என்ன நிலையில் இருக்கிறது என்று செடி பார்த்துச் சொல்லி, எக்செல் தாளில் ஏற்ற வேண்டும். அந்த ஒருவர்தான் எக்காலஜிஸ்ட். தனியார் ஆலோசனை நிறுவனங்களும் உள்ளாட்சிக் கவுன்சில்களும் எடுக்கிற ஆள் அதுதான். இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, சட்டம் கட்டாயமாகும் முன்பே கடைப்பிடித்த கவுன்சில்களை ஆராய்ந்தபோது, திறந்த பசுமைப் பரப்பு மூன்றில் ஒரு பங்கு சுருங்கி, பதிலாக "சிறியதாக இருந்தாலும் தரமாக வளர்ப்போம்" என்ற வாக்குறுதிதான் மிஞ்சியது. 30 வருஷம் யார் போய்ப் பார்ப்பார்கள் என்று பேச்சுகளிலேயே கேட்கிறார்கள். ஆனால் வேலை இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

அவர்களுக்கு வேண்டியது இந்த ஊர்ச் செடியைப் பூ இல்லாதபோதும் அடையாளம் காணத் தெரிந்த கண். உங்கள் எம்.எஸ்சி. அடிப்படை வலுவானது, குடும்பப் பண்புகள் தெரியும், லத்தீன் பெயருக்குப் பயப்பட மாட்டீர்கள். ஆனால் இலையை மட்டும் வைத்து பத்துப் பதினைந்து புல்லைப் பிரிக்கத் தெரிய வேண்டும், அது தன்னார்வ நாட்களில் ஒரு அனுபவஸ்தர் பக்கத்தில் மண்டியிட்டு, லென்ஸை வைத்துக்கொண்டுதான் வரும். பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் கழகம் ஒரு களத் தேர்வு நடத்துகிறது, ஃபிஸ்க் என்பார்கள், எத்தனை செடி தெரியும் என்பதை வைத்து நிலை போடுவார்கள். பட்டத்தைவிட அந்த நிலையை மதிக்கிற மேலாளர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இப்படித்தான் நுழைந்தாள், முதல் வருஷம் கோடைக்கால வேலை மட்டும், சம்பளம் சொற்பம், அந்தி நேரத்தில் வௌவால் எண்ண நிற்க வேண்டும், வசந்தத்தில் இரவில் டார்ச் அடித்துக் குளத்தில் நியூட் என்ற பல்லி போன்ற உயிரியைத் தேட வேண்டும். அந்த நிறுவனம் ஓவர்டைம் காசை இழுத்தடித்தது என்று புலம்பினாள், அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொண்டாள், இப்போது நிரந்தரம். களப்பணி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை என்பதால் ஆள் எடுப்பது குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், வெயில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பேச்சுகளில் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள். அருமையான பேச்சு, நன்றி என்று ஒரு வரி, அப்புறம் கேள்வி ஒன்றே ஒன்று, இதுதான் இங்கே நடைமுறை. ஊர்க்காரர்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நிலைக்காது என்று பேச்சாளர் சொன்னால், வேடந்தாங்கலில் ஏரிப் பறவைகளைத் தலைமுறையாகக் காப்பது கிராமத்தார்தான், பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று சொல்லிப் பாருங்கள், தேநீர் நேரத்தில் நாலு பேர் உங்களைத் தேடி வருவார்கள். வானத்தில் வால் பிளந்த பெரிய பருந்து சுற்றும், அதைப் பற்றியும் பேச்சுக் கொடுக்கலாம், இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த ரெட் கைட், 1989-லிருந்து, பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து, குஞ்சுகளைக் கொண்டுவந்து பக்கத்துச் சில்டர்ன்ஸ் மலையில் விட்டார்கள், இப்போது எங்கள் வீட்டுக் கூரைமேல் வட்டமடிக்கிறது. முழு வெற்றிக்கதை என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்று இதுதான்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம், இதை ஒருவரும் பேச்சு மேடையில் சொல்ல மாட்டார்கள். எக்காலஜிஸ்ட் வேலை விளம்பரத்தில் அநேகமாக எல்லாவற்றிலும் கார் ஓட்டும் உரிமம் கேட்பார்கள், களம் எல்லாம் பேருந்து போகாத ஊர்களில். உங்கள் இந்திய லைசென்ஸை இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் பயன்படுத்தலாம், அதற்குள் இங்குள்ள உரிமம் எடுக்க வேண்டும், தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். புரொவிஷனல் என்கிற பழகுநர் உரிமத்துக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், தியரித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கும்போது சந்தைக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள், மூன்றே மாதத்தில் பிய்ந்துவிடும்.