மாத நெடுவரிசைகளை வரிசைகளாக மாற்றும்போது சில வரிசைகள் காணாமல் போவது

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், விற்பனை டேபிளில் மாதத்துக்கு ஒரு நெடுவரிசையாக இருப்பதை யூனியன் (பல செலக்ட்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளை) கொண்டு மாதத்துக்கு ஒரு வரிசையாக மாற்றினால் சில வரிசைகள் விடுபடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். யூனியன் என்பதை யூனியன் ஆல் என்று மாற்றுங்கள், விடுபட்டவை வந்துவிடும். யூனியன் மட்டும் போட்டால் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் வரிசைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை டேட்டாபேஸ் தூக்கிவிடும். நீங்கள் காட்டிய டேபிளில் மாட்டுங்கா கிளைக்குக் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என இரண்டு வரிசை இருக்கிறது, ஆனால் குவெரியில் (டேட்டாபேஸுக்கு எழுதும் கட்டளையில்) ஷிப்டை எடுக்கவில்லை. அதனால் ஜனவரியில் இரண்டு ஷிப்டிலும் தொகை ஒன்றாக இருந்தால் ஒன்று போய்விடும், செம்பூர் கிளையில் தொகை வேறு வேறு என்பதால் அது சரியாகத் தெரிகிறது. ஷிப்டையும் சேர்த்தே எழுதுங்கள்:

செலக்ட் கிளை, ஷிப்ட், 'ஜனவரி' ஆஸ் மாதம், ஜன ஆஸ் தொகை ஃப்ரம் விற்பனை
யூனியன் ஆல்
செலக்ட் கிளை, ஷிப்ட், 'பிப்ரவரி', பிப் ஃப்ரம் விற்பனை

இப்படியே டிசம்பர் வரை. ஆஸ் போட்டுப் பெயர் வைப்பது முதல் செலக்டில் மட்டும் போதும்.

முதலில் அன்பிவட் (நெடுவரிசைகளை வரிசைகளாக மாற்றும் கட்டளை) போட்டு சின்டாக்ஸ் எரர் வந்ததாகச் சொன்னீர்கள் அல்லவா, மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதியே கிடையாது. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய டேட்டாபேஸ்களில் உண்டு.

சரிபார்க்க: விற்பனை டேபிளில் கவுன்ட் (வரிசைகளின் எண்ணிக்கை) எடுத்து 12-ஆல் பெருக்குங்கள். புது குவெரியின் கவுன்ட்டும் அதேதான் வர வேண்டும், வரவில்லை என்றால் ஏதோ ஒரு மாதத்தை விட்டிருக்கிறீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தொகை நல் (NULL, அதாவது எதுவும் பதியாமல் காலி) என இருக்கும் மாதங்களும் இதில் வரிசையாக வரும். வேண்டாம் என்றால் ஒவ்வொரு செலக்டிலும் வேர் (WHERE) ஜன இஸ் நாட் நல் என்று அந்தந்த மாதத்துக்குச் சேர்த்துவிடுங்கள், கடைசியில் ஒரே ஒரு வேர் போட்டால் அது கடைசி செலக்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.