வாசகர் கேள்வி – பதில்: அரசின் ஆய்வு நிதி யாருக்குக் கிடைக்கிறது?

கேள்வி: ஆய்வு நிதி வழங்குவதற்குத் தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். பெண்களுக்கெனத் தனித் திட்டங்கள் வகுப்பது அந்த அளவுகோலைத் தளர்த்துவதாகாதா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி

பதில்: தகுதியே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஐயா. அந்தத் தகுதியை அளக்கிறவர்கள் நேராக அளக்கிறார்களா என்பதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். சோதித்துப் பார்த்த நாடுகளில் கிடைத்த விடை நிம்மதி தருவதாக இல்லை.

சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1995இல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான உதவித்தொகையை அறிவித்தபோது 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். தேர்வான 20 பேரில் பெண்கள் நால்வர் மட்டுமே. கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவருக்கும் இட்ட மதிப்பெண்களைத் தரும்படி கேட்டார்கள். கழகம் மறுத்தது, அவர்கள் நீதிமன்றம் வரை சென்று அந்தப் பட்டியலைப் பெற்றார்கள். பிறகு, விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகள் எத்தனை, எந்த இதழ்களில் வெளிவந்தன, எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பவற்றையெல்லாம் அந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் சாதித்திருக்க வேண்டியிருந்தது என்பதே அவர்கள் கண்டது. 'நேச்சர்' போன்ற முன்னணி இதழில் மூன்று கட்டுரைகள் கூடுதலாக எழுதியிருந்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும். தேர்வுக்குழு உறுப்பினர் ஒருவரோடு பணித்தொடர்பு உள்ளவர்களுக்கு, அந்த உறுப்பினர் மதிப்பெண் இடாமல் விலகியிருந்தபோதும், கூடுதல் மதிப்பெண் கிடைத்திருந்தது.

ஆக, 'தகுதி மட்டுமே' என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ஏற்பாட்டில் ஆணாக இருப்பதும் அறிமுகம் இருப்பதும் தகுதியாகவே எண்ணப்பட்டன. அதே நாட்டில் 2004ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை வேறு இருவர் ஆராய்ந்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் பாரபட்சம் காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அறிமுகத்தின் செல்வாக்கு அப்போதும் குறையவில்லை. பாரபட்சம் இயற்கையின் விதியன்று, அது மாறக்கூடியது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அப்படியானால் விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டால் போதாதா?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: சில இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த நேரம் கேட்டு உலகெங்கிலுமிருந்து வானியலாளர்கள் விண்ணப்பிக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஆண்களின் வெற்றி விகிதமே கூடுதலாக இருந்துவந்தது. 2018இல் விண்ணப்பதாரர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாதபடி மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்களின் வெற்றி விகிதம் 8.7 விழுக்காடாகவும் ஆண்களுடையது 8.0 விழுக்காடாகவும் அமைந்தது.

ஆய்வகம், குழு, கருவி என்று அனைத்தையும் விவரித்தாக வேண்டிய பெரிய திட்டங்களில் முழுமையாக மறைப்பது கடினம். அங்கே கனடாவின் அனுபவம் உதவும். அந்நாட்டின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனங்கள் 2014இல் நிதித் திட்டத்தை இரண்டாகப் பிரித்தன: ஒன்றில் ஆய்வுத் திட்டத்தின் தரம் முதன்மையாகப் பார்க்கப்பட்டது, மற்றொன்றில் ஆய்வாளரின் தலைமைத் திறமும் சாதனையும் முதன்மையாகப் பார்க்கப்பட்டன. ஏறத்தாழ 24,000 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் வகையில் ஆண்–பெண் வெற்றி வாய்ப்பின் இடைவெளி ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவு. இரண்டாவதில் அது 4 புள்ளிகள். பெண்களின் ஆய்வுத் திட்டங்கள் தரத்தில் தாழ்ந்தவை அல்ல என்பது இதனால் விளங்குகிறது. "ஆய்வு நல்லதா?" என்று கேட்டால் ஓரளவு நேர்மையான விடையும், "இவர் பெரிய ஆளா?" என்று கேட்டால் பழக்கத்தின் விடையும் கிடைக்கின்றன. நம் நாட்டு நிபுணர் குழுக்களின் மதிப்பெண் தாள்களில் முதல் கேள்விக்கே அதிக மதிப்பெண் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பெண்கள் என்று மட்டும் பேசுகிறீர்கள். சாதியும் ஊரும் கல்லூரியின் பெயரும் கணக்கில் வராதா?
– அரசு கலைக் கல்லூரி ஆசிரியர், தருமபுரி

பதில்: கட்டாயம் வரும். பன்மைத்தன்மை என்று சொல்லிவிட்டு ஆண்–பெண் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் பயன், ஏற்கெனவே வசதி பெற்ற நகரத்துப் பெண்களோடு நின்றுவிடும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில், கல்வியும் வெளியீடுகளும் ஒத்திருந்தபோதும், கறுப்பின விண்ணப்பதாரர்களின் வெற்றி வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் தெரியவந்தது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு அதன் காரணங்களில் ஒன்றை எடுத்துக்காட்டியது. கறுப்பின ஆய்வாளர்கள் மக்கள் சமூகங்களின் உடல்நலம் சார்ந்த தலைப்புகளை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். மூலக்கூறு, உயிரணு அளவிலான ஆய்வுகளோடு ஒப்பிட அந்தத் தலைப்புகளுக்கு நிதி கிடைப்பது அரிதாக இருந்தது. இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்பினாலேயே விளைந்தது. எந்தக் கேள்வி ஆராயத்தக்கது என்று தீர்மானிப்பதிலேயே ஒதுக்கல் நுழைந்துவிடுகிறது. குடிநீர், தோல் பதனிடும் தொழிலாளரின் நோய்கள், மானாவாரி நிலம் ஆகியவற்றைப் பற்றி எழுத விரும்பும் ஒரு மாவட்டக் கல்லூரி ஆசிரியருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கெனத் தனி நிதித் திட்டமும், மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென வேறொரு திட்டமும் உண்டு. தனித்தனிப் பட்டியல்களில் எண்ணப்படும் வரை, அரசுக் கல்லூரி ஒன்றில் பணிபுரியும் தலித் பெண் ஆய்வாளர் எந்தப் பட்டியலிலும் முழுமையாகத் தெரிய மாட்டார். பாலினம், சமூகப் பிரிவு, நிறுவன வகை மூன்றையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கேள்வி: அரசு என்ன செய்யலாம்? வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சட்டத்தைவிட நிபந்தனை விரைவில் பலன் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' என்ற ஆய்வு நிதித் திட்டத்தில், பாலினச் சமத்துவத்துக்கான திட்ட ஆவணத்தை நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டிருந்தால்தான் பல்கலைக்கழகங்களும் பொது அமைப்புகளும் 2022 முதல் நிதி பெற முடியும். அதற்கெனப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2022இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, நடுநிலை, மூத்த நிலை ஆய்வாளர்களுக்கான நிதியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் வழங்குவதாக அறிவித்தது.

இந்தியாவில் 2000–01இல் அரசு நிதி பெற்ற வெளி ஆய்வுத் திட்டங்களில் (நிதி தரும் அமைப்புக்கு வெளியே உள்ள நிறுவனங்களில் நடப்பவை) பெண்களின் பங்கு 13 விழுக்காடு. 2016–17இல் அது 24 விழுக்காடு. முன்னேற்றந்தான். ஆனால் எத்தனை பெண்கள் விண்ணப்பித்து எத்தனை பேர் தேர்வானார்கள், ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு தொகை கிடைத்தது என்பவை தெரியாமல் அந்த 24ஐ வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. ஆய்வுகளுக்கு நிதி வழங்க 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த மூன்று எண்களையும் ஆண்டுதோறும் வெளியிட்டால், நான் கேட்பவற்றில் பாதி நிறைவேறிவிடும்.

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றபின் குழந்தை வளர்ப்புக்காகப் பல ஆண்டுகள் விலகியிருந்தேன். இனி ஆய்வுக்குத் திரும்ப வழி உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்டு, அம்மா. மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை இடைவெளி விட்ட பெண்களுக்கெனவே 2002 முதல் திட்டம் நடத்திவருகிறது; இப்போது அது 'வைஸ்–கிரண்' என்ற பெயரில் இயங்குகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கான 'வைஸ்–பிடிஎஃப்' பிரிவு உங்களுக்குப் பொருந்தும். வயது வரம்பை அவ்வப்போது வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற உதவித்தொகைகளைவிட அது தாராளமானது.

இத்திட்டத்தின் பெரிய குறை, உதவித்தொகைக் காலம் முடிந்தபின் நிரந்தரப் பணிக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை என்பதே. ஆகவே, உங்களை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கருவி வசதியோடு, இதற்கு முன் இப்படி வந்த பெண்கள் பின்னர் எங்கே பணியில் சேர்ந்தார்கள் என்பதையும் வெட்கப்படாமல் விசாரியுங்கள். விண்ணப்பத்தில் விடுபட்ட ஆண்டுகளை மறைக்க வேண்டாம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன காரணத்தால் என்று இரண்டு வரிகளில் எழுதிவிட்டு, மீதி இடம் முழுவதையும் ஆய்வுத் திட்டத்துக்கே கொடுங்கள்.