செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்திலிருந்து கடலின் வெப்பநிலையை எப்படி அளக்கிறது? அந்த எண்ணை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அது கடலின் எந்த ஆழத்தை, எந்த நேரத்தில், எதன் ஊடாகப் பார்த்துச் சொன்ன எண் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். செயற்கைக்கோள் தரும் அளவையும் கடலில் மிதக்கும் மிதவைகள் தரும் அளவையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுவதுதான் சில ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

செயற்கைக்கோளுக்கு வெப்பநிலை நேரடியாகக் கிடைப்பதில்லை. அதற்குக் கிடைப்பது கதிர்வீச்சு மட்டுமே. வெப்பமுள்ள எந்தப் பொருளும் கதிர்வீச்சை வெளியிடும். சுமார் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் கடலின் கதிர்வீச்சு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதே 10 முதல் 12 மைக்ரான் வரையிலான பகுதியில் வளிமண்டலமும் பெருமளவு ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பது நம் நல்வாய்ப்பு. அங்கே வரும் அகச்சிவப்புக் கதிரை ரேடியோமீட்டர் அளக்கிறது. கருவி தன் அளவுகோலை இடைவிடாமல் சரிபார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. குளிர்ந்த விண்வெளியை ஒரு முறை பார்க்கும். தனக்குள்ளேயே இருக்கும், வெப்பநிலை தெரிந்த கருந்தகட்டை ஒரு முறை பார்க்கும். இவ்விரண்டுக்கும் நடுவே கடல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடப்படும்.

தொல்லை தருவது நீராவி. கடலிலிருந்து வரும் கதிரில் ஒரு பங்கை அது விழுங்கிவிட்டு, தன்னுடைய குறைந்த வெப்பநிலைக்கு ஏற்றதை மேலே அனுப்புகிறது. அதனால் கடல் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். ஈரம் மிகுந்த வெப்பமண்டலப் பகுதிகளில் இந்தப் பிழை சில டிகிரிகளைக்கூட எட்டும். இதற்குக் கண்டுபிடித்த வழியை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை. 11 மைக்ரானில் நீராவி விழுங்குவதைவிட 12 மைக்ரானில் கூடுதலாக விழுங்கும். ஆகவே ஒரே இடத்தை இரண்டு அலைநீளங்களிலும் அளந்தால், அவற்றுக்கு இடையிலான வித்தியாசமே நடுவில் எவ்வளவு நீராவி நின்றது என்பதைச் சொல்லிவிடும். களவுபோனதன் கணக்கைத் திருடனிடமே கேட்டு வாங்குவது போன்றது இது. 1981-இல் ஏவப்பட்ட நோவா-7 செயற்கைக்கோளின் கருவியில் இந்த இரண்டு அலைவரிசைகளும் இருந்தன. இன்று நம்மிடம் இருக்கும் நீண்ட காலப் பதிவு ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீராவிக்குச் சரிப்பட்ட கணக்கு எரிமலைத் துகள்களுக்குச் சரிப்படவில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது அடுக்கு மண்டலத்தில் பரவிய துகள்களால், செயற்கைக்கோள் வரைபடங்களில் கடல் உண்மையில் இல்லாத குளிர்ச்சியைக் காட்டியது. அடுத்த மாதமே விண்ணுக்குச் சென்ற ஐரோப்பாவின் இஆர்எஸ்-1 செயற்கைக்கோள் வேறொரு உத்தியைக் கொண்டுவந்தது. ஒரே கடற்பரப்பை முதலில் சாய்வாகவும், சில நிமிடங்கள் கழித்து நேர் மேலிருந்தும் பார்த்தது. சாய்வுப் பார்வையில் கதிர் கடக்கும் காற்றின் தடிமன் கூடுதல் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு வளிமண்டலத்தின் பங்கைக் கழிக்க முடிந்தது.

இனி ஆழம். அகச்சிவப்புக் கருவி பார்ப்பது கடலின் மேல்தோலில் 10 முதல் 20 மைக்ரானை மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆவியாதலால் அந்தத் தோல் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், அதற்குச் சற்றுக் கீழே உள்ள நீரைவிடப் பொதுவாக 0.2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். கடலோடு மிதந்து செல்லும் மிதவையின் உணரியோ சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டும் வேறுபட்டால், இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு.

இதை நான் நன்றாக உணர்ந்தது ஒரு பிற்பகல் படத்தில். நடுக்கடலில் ஒரு திட்டு மட்டும் சுற்றிலும் உள்ள நீரைவிட 4 டிகிரி கூடுதலாகக் காட்டியது. மிதவையில் அப்படி எதுவும் இல்லை. பிழையென்று நீக்கிவிடவே இருந்தேன். பிறகு காற்றுத் தரவை எடுத்துப் பார்த்தால், அந்தத் திட்டுக்குள் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கும் கீழே. கலக்கிவிடக் காற்று இல்லாததால் வெயிலின் வெப்பம் மேல்நீரிலேயே தேங்கி நின்றிருக்கிறது. அன்றிரவுப் படத்தில் திட்டு கரைந்துபோயிருந்தது. கருவி கண்டது உண்மை, நான்தான் அவசரப்பட்டிருப்பேன்.

மேகம் மறைத்தால் அகச்சிவப்பு கடலைக் காணாது. மெல்லிய மேக விளிம்பைக் கடலென்று எடுத்துக்கொண்டு பொய்க் குளிர்ச்சி காட்டுவதும் உண்டு. அங்கே கைகொடுப்பது நுண்ணலை. 2002-இல் நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் சென்று 2011 வரை இயங்கிய கருவியும் 2012 முதல் இயங்கும் அதன் வாரிசும் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பவை. கனமழையும் கரையோரமும் இவற்றுக்கு ஆகாது. ஒரு படப்புள்ளியே பல பத்துக் கிலோமீட்டர் அகலம்.

வெப்பநிலை ஒருபுறம் இருக்க, கடற்பரப்பின் மீது வந்து விழும் கதிர்வீச்சை அளப்பது இதைவிடக் கடினம். சூரியக் கதிரின் பங்கை ஓரளவு நன்றாகவே மதிப்பிடலாம். மேகத்தின் அடிப்பக்கம் கடலை நோக்கி வெளியிடும் வெப்பக் கதிரை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அதனால் அந்த எண்கள் பெரும்பாலும் கணினி மாதிரிக் கணக்கீட்டில் கிடைப்பவை. அவற்றை வெப்பநிலை அளவைப் போல நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

தரவைப் பதிவிறக்கினால், அது தோல் வெப்பநிலையா அதற்குச் சற்றுக் கீழே உள்ள நீரின் வெப்பநிலையா, பகலா இரவா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 5 வரை தரக்குறியீடு இருந்தால் 5 மட்டும் எடுங்கள். மிதவையோடு ஒப்பிடுவதானால், காற்று நன்றாக வீசும் இரவுகளிலிருந்து தொடங்குங்கள்.