வெட்டறதை விடுங்க தம்பி, மாட்டறதைக் கொடுங்க

தாராபுரத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தது இது: "அண்ணா, ஜூன் மாசம் மெல்போர்ன் வர்றனுங்க. மாமா பட்டறையில கொஞ்சம் இரும்படிக்கப் பழகியிருக்கேன். தங்க இடம் தர்ற ஒறம்பரைக்கும், ஆபீஸ்ல மேல இருக்கறவங்களுக்கும் நானே அடிச்ச கொடுவாள், கத்தி, அருவாமனை கொண்டாந்து கொடுக்கலாமுங்களா? வாடகை, குளிரு, பேங்க் கணக்கெல்லாம் எப்படிங்க?"

வாடகைக்கும் பேங்குக்கும் பதில் சொல்ல இங்க நூறு பேர் இருக்காங்க தம்பி. குளிருக்கு ஊர்லயே ஸ்வெட்டர் வாங்கிக் காசைத் தொலைக்காதீங்க, அவ்வளவுதான். இரும்புன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் உட்கார்ந்தேன்.

2006-ல நான் வந்தப்ப என் பெட்டியிலயும் ஒரு அருவாமனை இருந்தது. காங்கயத்துக்குத் தெக்கால எங்க பட்டறையில எங்கப்பன் லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச அலகு, கீழ வேப்பம் பலகை. தங்க இடம் தர்றதாச் சொன்ன ஒரு அக்காவுக்குக் கொடுக்கறதுக்காக. இறங்கறப்ப நிரப்பற சீட்டுல மரச்சாமான் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டிருந்தது. அருவாமனை இரும்புச் சாமான்தானேன்னு நானே தீர்ப்புச் சொல்லிட்டு 'இல்லை'ன்னு கோடு போட்டுட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தா, பலகைக்கு அடியில வண்டு அரிச்ச பொடி ஓட்டை ரெண்டு. அலகையாச்சும் கழட்டிக்கறேன்னு கெஞ்சினேன். எங்கப்பன் இறுக்கினது அது, அசையக்கூட இல்லை. முழுசாப் போச்சு. அபராதம் போடாம விட்டதே பெரிசு. வெறுங்கையோட போய் நின்னு விசயத்தைச் சொன்னா அந்தக்கா, "அட, அது எதுக்குப்பா, நாங்கெல்லாம் கட்டிங் போர்டுக்கு மாறி வருசமாச்சு"ன்னுது.

அதனால முதல்ல இதை மனசுல வெச்சுக்கங்க. மரக்கைப்பிடி, மரப்பலகை, மண் ஒட்டின சாமான் எதுவா இருந்தாலும் சீட்டுல 'இருக்கு'ன்னு எழுதிடணும். எழுதினா, பூச்சி இல்லாமச் சுத்தமா இருந்தா பெரும்பாலும் பார்த்துட்டுக் கொடுத்துடுவாங்க. மறைச்சாத்தான் அபராதம், விசாவுக்கே கூட வினை வரும். கொடுவாள் பேச்சே வேண்டாம். இந்த விக்டோரியா மாநிலத்துல 2025 செப்டம்பர் 1-லிருந்து மச்செட்டியைத் தடை பண்ணின ஆயுதத்துல சேர்த்துட்டாங்க. 20 செ.மீ.க்கு மேல வெட்டு வாய் இருக்கற அகலக் கத்தி அது. நம்மூர்ல தேங்காய் வெட்ட, வேலி கழிக்கன்னு சொல்றதெல்லாம் இங்க எடுபடாது. சின்னக் கத்தியானாலும் தக்க காரணம் இல்லாம வெளியில கொண்டு போறது குத்தம்.

எடையையும் பாருங்க. 10 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் 617 கிராம். ஊர்ல அடிச்சு இங்க சுமந்துட்டு வர்றதைவிட, இங்க வந்து அடிச்சுக் கொடுங்க. வெட்டற சாமான் வேண்டாம். மாட்டறது, திறக்கறது, பிடிக்கறதுன்னு கொடுங்க: துணி மாட்டற கொக்கி, பாட்டில் திறப்பான், கதவுக் கைப்பிடி. ஒரு சாண் கம்பி இருந்தா ஒரு கொக்கி. நுனியை இலை மாதிரி தட்டி, நடுவுல ஒரு முறுக்கு விட்டா பார்க்கறவங்க கண்ணு அங்கதான் நிக்கும்.

ஆனா ஜி.ஐ. பைப்பை மட்டும் உலையில வைக்காதீங்க. மேல பூசியிருக்கற துத்தநாகம் புகையாகி, ராத்திரி குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போடும். பழைய இரும்புக் கடையில சும்மா கிடைச்சுதுன்னு நான் வெச்சுப் பார்த்து ஒரு நாள் படுத்துக் கிடந்தவன். வாடகை வீட்டுப் பொடக்காளியில, அதான் கொல்லைப்புறத்துல, உலை போடற நினைப்பையும் விட்டுடுங்க. கோடையில முழுத்தீத்தடைன்னு அறிவிக்கற நாள்ல வெளியில பொறி பறக்கற வேலையே கூடாது. சனி ஞாயிறு இரும்படிக்கற பொழுதுபோக்குச் சங்கங்கள் இருக்கு, அங்க போங்க. காசு கட்டிச் சம்மட்டி தூக்கறாங்க. முதல் நாள் எனக்குச் சிரிப்பு அடங்கலை. எங்கப்பன் பார்த்திருந்தா, கூலி கேட்காத சம்மட்டி ஆளுங்க கிடைச்சாங்கன்னு நாலு பேரை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பார்.

அடிச்சு முடிச்சதும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, செவப்பு அடங்கின சூட்டுல தேன்மெழுகைத் தடவுங்க. கொடுக்கறப்ப 'தண்ணியில ஊற வைக்காதீங்க'ன்னு ஒரு சீட்டும் எழுதி வைங்க. எங்க மேனேஜரம்மாவுக்கு ஒரு தோசைக் கரண்டி அடிச்சுக் கொடுத்தேன். ஒரே வாரத்துல "உன் கரண்டி அழுவுது"ன்னு செங்கல் நிறத்துல கொண்டாந்து காட்டினாங்க. பாத்திரம் கழுவற மெசின்ல போட்டிருக்காங்க! தேய்ச்சு, நல்லெண்ணெய் போட்டுச் சுட்டுப் பழக்கிக் கொடுத்தேன். இப்ப முட்டைக்கு அதுதானாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கதையைச் சொல்லணும். ஒரு சின்னக் காய் வெட்டற கத்தி அடிச்சு அவருக்குக் கொடுத்தேன். வாங்கினவர் உள்ள போய் ஒரு அஞ்சு சென்ட் காசைக் கொண்டாந்து என் கையில வெச்சார். இங்க இருக்கறதுலயே சின்னக் காசு, முள்ளம்பன்றி மாதிரி ஒரு பிராணி போட்டிருக்கும். எனக்குச் சுருக்குன்னு தைச்சுடுச்சு. எங்கப்பாரு, அதான் தாத்தா, காலத்துல வருசம் பூரா ஏர்க்கொழு தட்டினதுக்கு, அறுப்பு முடிஞ்சு களத்துல சோளம் அளந்து போடுவாங்க. துண்டை விரிச்சுட்டு நிக்கணும். அந்தத் துண்டுதான் கண்ணுக்கு வந்துச்சு. ரெண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கலை. அப்புறம் அவரே வந்து சொன்னார்: கத்தியைச் சும்மா வாங்கினா சிநேகம் அறுந்துடும்னு அவங்க பாட்டி சொல்லுவாங்களாம், அதனால காசு கொடுத்து வாங்கின கணக்கு ஆக்கிட்டாராம். எங்காத்தா அருவாளை யார் கையிலயும் கொடுக்க மாட்டா, கீழ வெச்சு எடுத்துக்கச் சொல்லுவா. ரெண்டு கிழவிகளும் ஒரே பட்டறைதான் போல. கத்தியை விட்டுட்டுக் கொக்கிக்கு நான் மாறினது அதுக்கப்புறம்தான்.

நம்மாளுங்களுக்குக் கொடுக்கறது வேற கதை. இங்க ஊர் பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி 'எந்தக் கூட்டம்?', அதாவது என்ன குலம்னு. ஆசாரி வீட்டுப் பையன்னு சொன்னா பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் போயிடும். பொங்கல் விழா மேடையில ஒருத்தர் கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே எஃகு காய்ச்சினோம், நொய்யல் கரையில உலை கிடைச்சிருக்குன்னு தொண்டை கட்டப் பேசினார். உண்மைதான், அங்க தோண்டி எடுத்திருக்காங்க. அந்த 'காய்ச்சினோம்'ல யாரெல்லாம் உண்டுன்னு அவர்கிட்டத்தான் கேட்கணும். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் கொடுத்த சாவிக்கொக்கி, கார் ஷெட்டுல பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால கிடக்கு. என் கண்ணால பார்த்தேன். சாமந்தி நிறத்துல முலாம் பூசின சீனத்து யானை ஹால்ல நிக்குது. ஏதோ போகட்டும், எல்லாரும் அப்படியில்லை.

நான் எச்சா அடிக்கறது மாட்டு லாடம். கண்ணபுரம் சந்தைக்கு முன்னால எங்க பட்டறையில லாடம் குவிஞ்சு கிடக்கும், ஆணிக்கு ஓட்டை போடறது என் வேலை. அதே அளவுல அடிச்சு, ஒரு முனையை நீட்டிக் கொக்கியா வளைச்சுடுவேன். வாங்கற வெள்ளைக்காரங்க அத்தனை பேரும், "குதிரை லாடத்துல பாதி எங்கே?"ன்னு கேட்பாங்க. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கு, காலுக்கு ரெண்டு, ஒரு மாட்டுக்கு எட்டுன்னு விளக்கறதுக்குள்ள டீ ஆறிடும். எங்கப்பன் 2014-ல வந்தப்ப ஒண்ணை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை ஓரமாப் போட்டிருக்கற. மாடு நொண்டும்டா"ன்னார். சுவத்துல மாட்டறதுதானேப்பான்னேன். கேட்கலை. அதுக்கப்புறம் ஓட்டையைச் சரியான இடத்துலதான் போடறேன்.

நீங்க ஒண்ணே ஒண்ணு கொண்டு வரலாம் தம்பி. மாமாகிட்டக் கேட்டு அவர் பழகின சுத்தியல் ஒண்ணு வாங்குங்க. கைப்பிடியைக் கழட்டி அங்கேயே வெச்சுட்டு, தலையை மட்டும் மண்ணு கரியில்லாமத் தேய்ச்சு, எண்ணெய் துடைச்சு, கைப்பையில போடாம உள்ள போற பெட்டியில வைங்க. கைப்பிடி இங்க நான் போட்டுத் தர்றேன்.