மேனேஜர் என் வாட்ஸ்அப்பைப் படித்தது சரியா?

கேள்வி: நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். சாப்பிடப் போனபோது என் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருந்திருக்கிறது. தோழியிடம் மேனேஜரைப் பற்றி நான் புலம்பியதை அவரே படித்து, பிரின்ட்டும் எடுத்துவிட்டார். இப்போது மெமோ வந்திருக்கிறது. வீட்டில் வேலை பார்க்கலாம் என்று ரேட் லிஸ்ட்டை என் ஜிமெயிலுக்கு அனுப்பியிருந்தேன், அதையும் சேர்த்துவிட்டார்கள். அவர் படித்தது சரியா? அந்த மெயிலை அழித்துவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அழிக்காதீர்கள். பல வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தவன் நான். பெரும்பாலும் மெயில் சர்வரில் பிரதி இருக்கும், எத்தனை மணிக்கு அழித்தீர்கள் என்பதும் லாகில், அதாவது சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவில், இருக்கும். செய்த காரியத்தைவிட அதை அழித்ததால் மாட்டிக்கொண்டவர்களே அதிகம். கம்பெனி கம்ப்யூட்டரில் உள்ள தகவலை அனுமதியில்லாமல் அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் 66-ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை.

சரி, மேனேஜருக்கு வருவோம். கம்ப்யூட்டரும் ஆபீஸ் மெயிலும் கம்பெனியுடையவை, கண்காணிக்கலாம். வாட்ஸ்அப் கணக்கு உங்களுடையது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. ஆனால் அது முக்கியமாக அரசை நோக்கிய தீர்ப்பு. தனியார் மில் மீது அதை வைத்து நேரடியாக வழக்குப் போடுவது சுலபமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு ருமேனிய இன்ஜினியரின் வழக்கை முடித்தது. ஆபீஸ் யாஹூ மெசஞ்சரில் சகோதரரோடும், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடும் பேசியதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அங்கே இருந்தது. ஆனாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பு. 'எழுதியதையே படிப்போம் என்று முன்கூட்டிச் சொன்னீர்களா?' என்பதைக் கீழ்நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது. நம் ஊரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மெமோவுக்கு நீங்கள் எழுதும் பதிலில் அதே கேள்வியைக் கேளுங்கள். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஐ.டி. பாலிசியின் (கம்ப்யூட்டர், மெயில் உபயோக விதிகளின்) நகலையும் கேளுங்கள்.

ரேட் லிஸ்ட் விஷயத்தில் வாதாட வேண்டாம். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, கம்பெனியை நஷ்டத்திலிருந்தும் தொழில் ரகசியம் கசிவதிலிருந்தும் காக்க நிர்வாகத்துக்கு இடம் கொடுக்கிறது. ரேட் லிஸ்ட் அதற்குள் அடங்கும், உங்கள் புலம்பல் அடங்காது. அதனால்தான் இரண்டையும் ஒரே மெமோவில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். நீங்கள் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். எந்தத் தேதியில், எதற்காக அனுப்பினீர்கள், வேறு யாருக்கும் போகவில்லை என்பதை நேராகச் சொல்லுங்கள். அனுப்புமுன் ஒரு தொழிலாளர் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். உள் விசாரணையில் கோர்ட் அளவுக்குச் சாட்சிய விதிகள் கிடையாது, அந்த பிரின்ட் அவுட்டை லேசாக நினைக்காதீர்கள்.

கேள்வி: ஆபீஸில் இன்காக்னிட்டோவில் பார்த்தால் தெரியாதுதானே?
– வாசகர், சேலம்

பதில்: தெரியும். அந்த பிரவுசரில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை ஆபீஸ் இன்டர்நெட்டின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் குறித்துவைத்துக்கொள்ளும். வேலை தேடும் தளமென்றால் உங்கள் போனில், உங்கள் டேட்டாவில் பாருங்கள்.