பால் வாங்கப் போவதும் சிகிச்சைதான்
மனநலம்: கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்கு மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனாலும் பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். குளிக்கவே பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. இது நோயா, சோம்பலா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: சோம்பல் இல்லை, அம்மா. இல்லாத குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் இந்த நோயின் ஒரு பக்கம். இருந்த ஆர்வமும் பேச்சும் முனைப்பும் வற்றிப்போவது இன்னொரு பக்கம். மாத்திரை முதலாவதைத்தான் நன்றாக அடக்கும். இரண்டாவதற்கு மறுவாழ்வுப் பயிற்சி வேண்டும்.

அதற்கு முன், மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறார், எப்போது எழுகிறார் என்று ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் மயக்கமாக இருக்கலாம். மனச்சோர்வும் இப்படித்தான் தெரியும். கைகால் விறைத்து நடை மெதுவாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வேளையையோ அளவையோ மாற்றுவது டாக்டரின் முடிவு.

பிறகு, ஒரே ஒரு வேலை. “வீட்டு வேலையில் உதவி செய்” என்றால் எங்கே தொடங்குவதென்று அவருக்குப் பிடிபடாது. “எட்டு மணிக்குப் பால் பாக்கெட் வாங்கிட்டு வா” என்பது பிடிபடும். எந்த வேலை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். முதல் வாரம் கூடவே போங்கள், அடுத்த வாரம் தெருமுனைவரை, அப்புறம் தனியாக. பதினைந்து நாள் தொடர்ந்து நடந்த பிறகே இரண்டாவது வேலை. பல வீடுகளில் இங்கேதான் கெடுகிறது. நாலு நாள் ஒழுங்காகப் போனதும், “இனி வேலைக்கே போகலாமே” என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஐந்தாம் நாள் அவர் போர்வைக்குள் போய்விடுகிறார். ஒருநாள் தவறினால் திட்டாமல் வேலையைப் பாதியாக்குங்கள். ஓயாத குறைகூறல் இருக்கிற வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம்.

தனியாக இதைச் சுமக்காதீர்கள். காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. டாக்டரை மட்டும் பார்த்தவர்களைவிட, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரும் வீடு தேடி வந்து உதவிய நோயாளிகளிடம் நோய்க்குறிகளும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் காஞ்சிபுரத்தில் தெளிவாகவே தெரிந்தது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: நான் மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டவள். என்னைப் போன்றவர்கள் கூடிப் பேச ஒரு குழு தொடங்க ஆசை. எப்படி?
– வாசகி, மதுரை

பதில்: ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே இடம், ஒன்றரை மணி நேரம். கதவு சாத்திப் பேசக்கூடிய அறையாகப் பாருங்கள். மருத்துவமனை வளாகமென்றால் பலர் வரத் தயங்குவார்கள். நடத்துபவர் இருவர் வேண்டும். ஒருவருக்கு உடம்பு முடியாத வாரம் குழு நின்றுபோகக் கூடாது.

தொடக்கத்தில் ஆளுக்கு ஓரிரு நிமிடம். “இன்றைக்குப் பேசலை” என்று சொல்லவும் உரிமை உண்டு. பிறகு சென்ற முறையே முடிவுசெய்த ஒரு தலைப்பு: மருந்தால் எடை கூடுவது, “இப்போ என்ன பண்றே?” என்று சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது, பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயை எப்போது சொல்வது. கடைசியில் டீ. பல சமயம் நல்ல பேச்சு அங்கேதான் நடக்கும், அவசரமாகக் கலைக்காதீர்கள்.

குழு உடைவது பெரும்பாலும் மருந்து விஷயத்தில். “நான் நிறுத்திட்டேன், நீயும் நிறுத்து” என்று ஒருவர் சொன்னால் அடுத்த மாதம் இன்னொருவர் வார்டில் இருப்பார். ஆகவே முதல் விதி: தன் அனுபவத்தைச் சொல்லலாம், அடுத்தவருக்கு மருந்து யோசனை சொல்லக் கூடாது. பெற்றோர் உள்ளே உட்கார்ந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் கூட்டம் வையுங்கள்.

யாராவது சாக வேண்டும் என்ற பேச்சை எடுத்தால், நடத்துபவர்களில் ஒருவர் உடனே தனியே அழைத்துப்போய், தற்கொலை எண்ணம் உண்டா, திட்டம் ஏதும் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாமல் வீட்டாரையும் டாக்டரையும் அழையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 108. வரும்போதே ஒவ்வொருவரிடமும் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதி வாங்கி வையுங்கள். மாதம் ஒரு மணி நேரம் உளவியலாளர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச நீங்களும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எல்லோர் வலியையும் கேட்கிற உங்களுக்கும் அது தேவை.

கேள்வி: “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மறுக்கிறார்கள். மனநோய்க்கு உண்டா, இல்லையா?
– வாசகர், தேனி

பதில்: உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. தன்னைப் பேணுவது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கிலும் எவ்வளவு முடக்கம் என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். நோய் வந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் 1, 2–5 வருடம் 2, 6–10 வருடம் 3, அதற்கு மேல் 4 என்று கூட்டுவார்கள். மொத்தம் 20க்கு 7 வந்தாலே 40 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு அதுவே வரம்பு.

குளிப்பாட்டி, தலைசீவி அழைத்துப்போய், “இப்போ பரவாயில்லைங்க” என்று சொன்னால் மதிப்பெண் குறையும். கூட்டிச் சொல்ல வேண்டாம். வீட்டில் நடப்பதை உள்ளபடி எழுதிக்கொண்டு போங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள், நோயின் வயதுக்கு அவைதான் சாட்சி. சான்றிதழ் கிடைத்ததும் அது தற்காலிகமானதா என்று பாருங்கள். அப்படியானால் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே மறுபடி விண்ணப்பித்துவிடுங்கள்.